லெக்ஸஸ் எல்எஃப்ஏ, போர்ஷே கரேரா ஜிடி: இரண்டு அபூர்வ சூப்பர் கார்களை மதுரையில் உட்கார்ந்துகொண்டே ஒப்பிடுவது எப்படி?

சூப்பர் கார் பேச்சு எடுத்தால் நம் ஊரில் முதலில் வருவது "டாப்பு எவ்வளவுண்ணே?" என்ற கேள்விதான். அதாவது, அதிகபட்ச வேகம். ஒருவர் போனில் தேடி மணிக்கு 325 கிலோமீட்டர் என்பார், இன்னொருவர் 330 என்பார். 330 ஜெயித்துவிட்டதாகப் பேச்சு முடிந்துவிடும். அந்த ஐந்து கிலோமீட்டரை ஓட்டுகிற யாரும் உணரப்போவதில்லை. அதைவிடப் பல மடங்கு பெரிய வித்தியாசங்கள் அந்த இரண்டு வண்டிகளுக்குள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க வண்டி நம் கண் முன்னால் நிற்க வேண்டும் என்று அவசியமில்லை. ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

325 என்ற எண் ஜப்பானின் லெக்ஸஸ் எல்எஃப்ஏ உடையது; லெக்ஸஸ் என்பது டொயோட்டாவின் சொகுசுக் கார் பிரிவு. 330 ஜெர்மனியின் போர்ஷே கரேரா ஜிடி உடையது. பட்டறைக்கு வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு இந்த ஜோடியை வைத்துத்தான் நான் ஒப்பிடும் முறையைச் சொல்லித் தருகிறேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஜோடியைச் சரியாகச் சேருங்கள்

பாதி ஒப்பீடுகள் கெட்டுப்போவது இந்த இடத்தில். புகாட்டி வேரானையும் ஃபெராரி எஃப்40-ஐயும் எதிரெதிரே நிறுத்தினால் என்ன தெரியவரும்? ஒன்று நான்கு டர்போவும் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) 16 சிலிண்டரும் கொண்ட 2005-ஆம் ஆண்டு வண்டி. மற்றது 1987-ல் வந்த, கார்பெட்கூட இல்லாத வண்டி. இரண்டுக்கும் பொதுவானது பெயரும் விலையும் மட்டும்தான். வித்தியாசம் எல்லா இடத்திலும் இருப்பதால், எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது.

ஆகவே முதலில் ஒற்றுமைகளை எழுதுங்கள். எல்எஃப்ஏ, கரேரா ஜிடி இரண்டிலும் வி10 எஞ்சின், அதாவது பத்து சிலிண்டர்கள் வி வடிவில் இரண்டு வரிசையாக. இரண்டிலும் டர்போ கிடையாது. இரண்டிலும் பின்சக்கர இழுவை, இரண்டே இருக்கை, கார்பன் ஃபைபர் கூடு. இரண்டையும் தயாரித்தது, வேறு வண்டிகளை விற்றுப் பிழைக்கும் கம்பெனி. கரேரா ஜிடி 2003 முதல் 2006 வரை லைப்சிக் ஆலையில் 1,270 வண்டிகள் வந்தன. அதே ஆலையில் கயென் எஸ்யூவியும் தயாரானது. எல்எஃப்ஏ 2010 டிசம்பர் முதல் 2012 டிசம்பர் வரை மோட்டோமாச்சி ஆலையில் 500 வண்டிகள், ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்று.

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால், மிச்சமுள்ள வித்தியாசங்கள் தானாகத் துலங்கும். எல்எஃப்ஏவில் எஞ்சின் முன்பக்கம், ஆனால் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி. கியர்பாக்ஸ் பின் அச்சில். கரேரா ஜிடியில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். ஒன்றில் கியர் மாற்ற ஸ்டீயரிங்கில் உள்ள பட்டையைத் தட்ட வேண்டும். மற்றதில் கையால் கியர் போட்டு, காலால் கிளட்ச் மிதிக்க வேண்டும். ஒரே கேள்வி, இரண்டு பதில்கள். உங்கள் ஜோடி இப்படி அமைந்திருந்தால் மேலே போகலாம்.

படி 2: எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

எஞ்சின் திறனுக்கு ஜப்பானும் ஐரோப்பாவும் எழுதும் பி.எஸ். என்ற அலகு 735.5 வாட். அமெரிக்காவும் பிரிட்டனும் சொல்லும் குதிரைத்திறன் 745.7 வாட். எல்எஃப்ஏவின் 560 பி.எஸ்., அமெரிக்கக் கணக்கில் 552. கரேரா ஜிடியின் 612 பி.எஸ். அதே கணக்கில் ஏறத்தாழ 604. ஒரு வண்டியின் எண்ணை ஜெர்மன் கையேட்டிலிருந்தும் மற்றதன் எண்ணை அமெரிக்கப் பத்திரிகையிலிருந்தும் எடுத்தால், 612-க்கு எதிரே 552 வந்து நிற்கும். இல்லாத வித்தியாசம் எட்டு குதிரை கூடிவிடும்.

எடையில் இதைவிடப் பெரிய பொறி. சில கம்பெனிகள் எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் எதுவும் ஊற்றாத உலர் எடையைப் போடுவார்கள். சிலர் ஓடத் தயாரான எடையைப் போடுவார்கள். எல்எஃப்ஏவின் 1,480 கிலோவும் கரேரா ஜிடியின் 1,380 கிலோவும் இரண்டாவது வகை என்பதால் பக்கத்தில் வைக்கலாம். டேங்க் அளவையும் பாருங்கள்: 73 லிட்டர், 92 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தால், டேங்க் நிரம்பும்போது போர்ஷே கூடுதலாகச் சுமப்பது 14 கிலோ. சின்ன விஷயம்தான். ஆனாலும் தாளில் இருக்கட்டும்.

படி 3: வகுத்துப் பாருங்கள்

எடையைத் திறனால் வகுத்தால், ஒவ்வொரு பி.எஸ்.ஸும் எத்தனை கிலோவைத் தள்ள வேண்டும் என்று வரும். எல்எஃப்ஏவுக்கு 1,480 ÷ 560 = 2.64 கிலோ. கரேரா ஜிடிக்கு 1,380 ÷ 612 = 2.25 கிலோ. போர்ஷேவின் ஒவ்வொரு குதிரைக்கும் சுமை 15 சதவீதம் குறைவு. அப்படியானால் பிக்கப்பில் போர்ஷேதானே முந்த வேண்டும்? கம்பெனிகள் சொல்லும் 0–100 நேரத்தைப் பாருங்கள்: எல்எஃப்ஏ 3.7 நொடி, கரேரா ஜிடி 3.9 நொடி.

"அண்ணே, கணக்கு தப்பா போச்சே?" என்று பிள்ளைகள் கேட்பது இங்கேதான். கணக்கு தப்பவில்லை தம்பி, நாம் எதை அளக்கிறோம் என்று பார்க்கவில்லை. இவ்வளவு சக்தி உள்ள வண்டியில் முதல் சில நொடிகளில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. எவ்வளவு மிதித்தாலும் டயர் பிடிக்கிற அளவுக்குத்தான் வண்டி நகரும், மிச்சம் புகையாகப் போகும். அதோடு, கிளட்சை எவ்வளவு நயமாக விட்டீர்கள், கியர் மாற்ற எத்தனை நேரம் எடுத்தீர்கள் என்பதும் சேரும். எல்எஃப்ஏவின் கம்ப்யூட்டர் 0.2 நொடியில் கியரை மாற்றிவிடும். மனிதக் கையும் காலும் அதைவிட மெதுவு. 0–100 என்பது பெரும்பாலும் டயருக்கும் கிளட்சுக்கும் வைக்கும் பரீட்சை. எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதம் வேலை காட்டுவது அதற்கு மேலே. கரேரா ஜிடி 200-ஐ எட்ட 9.9 நொடி என்று போர்ஷே அறிவித்தது. எந்த இரண்டு வண்டியை ஒப்பிட்டாலும் 0–200 எண்ணைத் தேடி எடுங்கள். எஞ்சினின் உண்மையான பலம் அதில் தெரியும்.

அடுத்து, திறனை எஞ்சின் கொள்ளளவால் வகுங்கள். எல்எஃப்ஏ 4,805 சிசி, அதாவது லிட்டருக்கு 116.5 பி.எஸ். கரேரா ஜிடி 5,733 சிசி, லிட்டருக்கு 106.7. நம் தெருக்களில் இன்னும் ஓடும் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இதே கணக்கில் போடுங்கள். 98 சிசியில் 11 குதிரைத்திறன், லிட்டருக்கு 112! இரண்டு சூப்பர் கார்களுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. அது டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் கார் எஞ்சினின் சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

படி 4: எஞ்சினுக்குள் இறங்குங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். ஒரு எஞ்சினின் குணம் போர், ஸ்ட்ரோக் என்ற இரண்டு அளவுகளில் அடங்கியிருக்கிறது. எல்எஃப்ஏவில் சிலிண்டரின் விட்டம் 88 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 79 மி.மீ. கரேரா ஜிடியில் 98, 76. போர்ஷேவின் பிஸ்டன் அகலமானது, குறைந்த தூரம் ஓடுவது. லெக்ஸஸின் பிஸ்டன் ஒடுங்கியது, சற்று அதிகம் ஓடுவது.

இப்போது பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்கிடுங்கள். ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, அதை நொடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்க வேண்டும். எல்எஃப்ஏவின் உச்சம் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று), அதாவது நொடிக்கு 150 சுற்று. 2 × 0.079 × 150 = நொடிக்கு 23.7 மீட்டர். கரேரா ஜிடியின் உச்சம் 8,400, நொடிக்கு 140 சுற்று. 2 × 0.076 × 140 = 21.3 மீட்டர். 50 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள ஆர்எக்ஸ் 100, 7,500 ஆர்பிஎம்மில் 12.5 மீட்டர்.

இந்த எண் எதற்கு? பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வருகிறது. வேகம் கூடக்கூட, அந்தத் திரும்பும் இடத்தில் கனெக்டிங் ராடு (பிஸ்டனை, சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) தாங்க வேண்டிய இழுப்பு அதன் இருமடிக் கணக்கில் ஏறும். அதனால்தான் இரண்டு எஞ்சினிலும் கனெக்டிங் ராடு டைட்டானியம். போர்ஷேவைவிடச் சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு லெக்ஸஸ் தன் பிஸ்டனை இன்னும் கடுமையாக ஓட்டுகிறது என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது.

இழுவையை, அதாவது எஞ்சின் தண்டைச் சுழற்றும் டார்க் விசையைப் பாருங்கள். கரேரா ஜிடிக்கு 5,750 ஆர்பிஎம்மில் 590 நியூட்டன் மீட்டர். எல்எஃப்ஏவுக்கு 7,000-ஐ ஒட்டி 480. உச்ச எண்ணோடு நிறுத்தாமல், உச்சத் திறன் வரும் இடத்தில் எவ்வளவு இழுவை மிஞ்சியிருக்கிறது என்று கணக்கிடுங்கள். கிலோவாட்டை 9,549-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் விடை. எல்எஃப்ஏ (560 பி.எஸ். என்பது 412 கிலோவாட்): 412 × 9,549 ÷ 8,700 = 452. உச்சத்தில் 94 சதவீதம் கையில் இருக்கிறது. கரேரா ஜிடி (612 பி.எஸ். என்பது 450 கிலோவாட்): 450 × 9,549 ÷ 8,000 = 537, அதாவது 91 சதவீதம். இரண்டுமே அபாரம். ஆனால் 3,700 முதல் 9,000 வரை உச்ச இழுவையில் 90 சதவீதம் கிடைக்கும் என்று லெக்ஸஸ் சொல்வது வெறும் விளம்பரமல்ல என்று உங்கள் கணக்கே சாட்சி சொல்கிறது.

காதால் ஒப்பிடுவதற்கும் கணக்கு உண்டு. பத்து சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஐந்து முறை வெடிக்கும். எல்எஃப்ஏ உச்சத்தில் நொடிக்கு 150 × 5 = 750 வெடிப்பு. கரேரா ஜிடி 140 × 5 = 700. 750-ஐ 700-ஆல் வகுத்தால் 15/14. சங்கீதம் தெரிந்தவர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள்: ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளி 16/15, அதை ஒட்டியதுதான் இதுவும். நல்ல ஹெட்போன் மாட்டி, இரண்டு வண்டியும் உச்சம் தொடும் ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். போர்ஷே ச-வில் நின்றால் லெக்ஸஸ் கிட்டத்தட்ட ரி-யில் ஏறி நிற்கும்.

சுருதி அருகருகே இருந்தாலும் குரல் வேறு. எல்எஃப்ஏவின் எஞ்சினை டொயோட்டாவோடு சேர்ந்து உருவாக்கியது யமஹா. 1960-களில் டொயோட்டா 2000ஜிடி காலத்திலிருந்து தொடரும் கூட்டு அது. யமஹாவின் வேர் 1887-ல் ஆர்கன் பெட்டி செய்ததில் இருக்கிறது. எல்எஃப்ஏவின் குரலை அமைக்கும் வேலையில் அந்த இசைக்கருவித் தரப்பின் அறிவும் சேர்ந்தது. காற்று உள்ளே இழுக்கப்படும் அறையின் சுவர்களைக்கூட ஒலிக்காக வடிவமைத்து, அந்த ஒலியைக் குழாய் வழியே ஓட்டுநர் அறைக்குக் கொண்டுவந்தார்கள். வி-யின் கோணம் 72 பாகை. 720 பாகைச் சுழற்சியைப் பத்தால் வகுத்தால் வருவது அதே 72. வெடிப்புகள் சம இடைவெளியில் விழுவதற்கு இயல்பான கோணம். கரேரா ஜிடியின் கோணம் 68. அது பந்தயக் காருக்காகப் பிறந்த எஞ்சின், ஒடுக்கமாக உள்ளே அடங்க வேண்டிய தேவை அதற்கு இருந்தது. குரல் அங்கே வேலையின் உபபலன். லெக்ஸஸில் குரலும் ஒரு வேலை.

படி 5: ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள்

"ஜெர்மன்காரன் கச்சிதம், ஜப்பான்காரன் கட்டுப்பாடு" என்று எழுதி இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். அது எந்தக் காருக்கும் ஒட்டும், எதையும் விளக்காது. கலாசாரம் என்றால் அந்தக் கம்பெனி எங்கிருந்து வந்தது, எதை விட மனமில்லாமல் வைத்திருக்கிறது என்று பாருங்கள். மதுரைக்காரருக்கு இது புரியாத விஷயமே இல்லை. மேல வெளி வீதி டி.வி.எஸ். நிறுவனம் பஸ் விடுவதில் தொடங்கியது. வண்டியைச் சொன்ன நேரத்துக்கு ஓடவைப்பது, உதிரி பாகம், சர்வீஸ் என்ற புத்தி அதன் வழிவந்த கம்பெனிகள் எல்லாவற்றிலும் இன்றுவரை தெரிகிறது.

டொயோட்டாவின் தொடக்கம் தறி. சகிச்சி டொயோடா 1924-ல் முழுமையாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறி, ஓட்டத்தை நிறுத்தாமலே ஓடத்தை மாற்றிக்கொள்ளும். 1929-ல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார்கள். மகன் கிய்ச்சிரோவின் கார் முயற்சி அந்தக் காலகட்டத்தில்தான் தொடங்கியது. 1937-ல் டொயோட்டா மோட்டார் பிறந்தது.

இப்போது எல்எஃப்ஏவுக்கு வாருங்கள். 2000-ல் வேலை தொடங்கியபோது கூடு அலுமினியத்தில்தான் திட்டமிடப்பட்டது. 2005-ல், பாதி வழியில், தலைமைப் பொறியாளர் ஹருஹிகோ தனஹாஷியின் குழு அதை விட்டுவிட்டு கார்பன் ஃபைபருக்கு மாறியது. 100 கிலோ குறையும் என்பது காரணம். வெளியே ஒரு கம்பெனியிடம் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. கார்பன் நூலை முப்பரிமாணத்தில் நெய்யும் வட்டத் தறியைத் தாங்களே உருவாக்கினார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூண் போன்ற பாகங்களை, துணியாக வெட்டி ஒட்டாமல், இழையோடு இழையாகச் சுற்றி நெய்தது அந்தத் தறி.

செல்லூரில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். நெய்த துணி பாவு ஓடும் திசையிலும் ஊடை ஓடும் திசையிலும் பலம். குறுக்குக் கோணத்தில் இழுத்தால் கோணிக்கொள்ளும். தட்டைத் துணியைத் தூணின் வளைவுக்கு மடித்து ஒட்டினால் இழைகளின் திசை சிதறிப்போகும். வளைவின் மேலேயே நெய்தால், எந்த இடத்தில் எந்தத் திசையில் பலம் வேண்டுமோ அங்கே இழை ஓடும். காரின் கூட்டில் 65 சதவீதம் இப்படிக் கார்பன், மிச்சம் அலுமினியம். 500 காருக்காக ஒரு தறியைக் கண்டுபிடிப்பது எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ளாத காரியம். தறியில் பிறந்த கம்பெனிக்கு அது குலத்தொழில்.

போர்ஷேவின் வேர் பந்தயம். 1998-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகு, அடுத்த பந்தயக் காருக்காக ஒரு வி10 எஞ்சினை வளர்த்தார்கள். கார் ஓடியது, சோதனையும் நடந்தது. ஆனால் 1999-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒரு பந்தயத்தில்கூட அது கலந்துகொள்ளவில்லை. வீணாகக் கிடந்த அந்த எஞ்சினைச் சுற்றித்தான் கரேரா ஜிடி கட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டு பாரிஸில் மாதிரி வண்டியைக் காட்டியபோது கிடைத்த வரவேற்பு அதைச் சாலைக்குக் கொண்டுவந்தது.

இதனால் கரேரா ஜிடியின் ஒவ்வொரு வினோதமும் விளங்கும். கிளட்சை எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் கலவையில் செய்த அதன் பிளேட்டின் விட்டம் வெறும் 169 மி.மீ.; ஒரு டிபன் தட்டு அளவுகூட இல்லை. கிளட்ச் சிறுத்தால் கிராங்கை இன்னும் கீழே வைக்கலாம். கிராங்க் இறங்கினால் எஞ்சின் முழுவதும் இறங்கும், வண்டியின் எடை தரையை ஒட்டும். பந்தயத்தில் இது பொன். சிக்னலில் இது சோதனை. அந்த வண்டியைக் கிளப்ப ஒரு முறை உண்டு: முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விட வேண்டும். எஞ்சினே தன் ஓட்டத்தைச் சமாளித்து வண்டியை நகர்த்தும். பழக்கத்தில் லேசாக மிதித்துவிட்டால் ஒன்று துள்ளும், அல்லது அணைந்துவிடும். கியர் தண்டின் தலையில் மரக் குமிழ் வைத்திருக்கிறார்கள். 1970-ல் போர்ஷேவுக்கு லே மானில் முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்த 917 பந்தயக் காரின் மரக் குமிழுக்குச் செய்த மரியாதை அது.

படி 6: ஓட்டுநரிடம் எதைக் கேட்கிறது?

கரேரா ஜிடியில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், மிதிக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் உண்டு. வண்டி சுழலும்போது தானாகப் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கிடையாது. உலக ராலி சாம்பியன் பட்டத்தை இருமுறை வென்ற வால்டர் ரோர்ல் அதை வளர்த்தெடுத்த ஓட்டுநர்களில் ஒருவர். அந்த வண்டி கைதேர்ந்தவரை எதிர்பார்க்கிறது.

எல்எஃப்ஏவில் அந்தப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. அதனால் அது சாது என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் சும்மா ஓடும் நிலையிலிருந்து 9,000-க்கு 0.6 நொடியில் ஏறிவிடும். சாதாரண முள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்பதால்தான் எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரைத் திரையில் வரைந்தார்கள். அதன் ஆறு கியர் பெட்டியில் இருப்பது ஒற்றைக் கிளட்ச். அந்தக் காலத்திலேயே இரட்டைக் கிளட்ச் வந்துவிட்டது. மெதுவாகப் போகும்போது கியர் மாறுவதில் ஒரு வெட்டு இருக்கும். வேகம் கூடினால் அந்த வெட்டே சுகமாகிவிடும் என்று ஓட்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் என் ஓட்டு போர்ஷேவுக்கு. கையால் போடும் கியர் காலத்தால் பழசாகாது.

டொயோட்டாவின் மூத்த சோதனை ஓட்டுநர் ஹிரோமு நருசே, எல்எஃப்ஏவை வளர்த்தவர்களில் முக்கியமானவர். 2010 ஜூனில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்துக்கு அருகே எல்எஃப்ஏ சோதனை வண்டியில் நடந்த விபத்தில் அவர் இறந்தார். இந்த வண்டியைப் பற்றி எழுதுகிற எவரும் அவர் பெயரை விடக் கூடாது.

படி 7: லேப் டைமைத் தேதியோடு படியுங்கள்

லேப் டைம் என்பது பந்தயத் தடத்தை ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரம். நூர்பர்க்ரிங்கில் கரேரா ஜிடி 2004-ல் 7 நிமிடம் 28 நொடி. எல்எஃப்ஏ 2011-ல் 7 நிமிடம் 14.64 நொடி. நடுவில் ஏழு வருட டயர் வளர்ச்சி இருக்கிறது. அதோடு 2011-ல் ஓடியது 571 பி.எஸ். கொண்ட, 50 மட்டுமே தயாரான நூர்பர்க்ரிங் பேக்கேஜ் வண்டி. சாதாரண எல்எஃப்ஏ அல்ல. வருடம், டயர், எந்த வகை என்ற மூன்றும் இல்லாத லேப் டைமைத் தாளில் ஏற்றாதீர்கள்.

படி 8: நம் ரோட்டில் நிறுத்திப் பாருங்கள்

கற்பனையில்தான், ஆனால் கணக்கோடு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வில். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் எல்எஃப்ஏவுக்கு 2,605 மி.மீ., கரேரா ஜிடிக்கு 2,730 மி.மீ. இரு சக்கரமும் அந்த வில்லின் மேல் நிற்கும்போது வயிற்றுப் பக்கம் எவ்வளவு தூக்கிக்கொண்டு வரும் என்பதற்கு, தூரத்தின் இருமடியை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 2.605 × 2.605 ÷ 136 = 5 செ.மீ. போர்ஷேவுக்கு 5.5 செ.மீ. இதை வண்டியின் தரை இடைவெளியிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் பிழைப்பு. விதிப்படி போட்ட தடையை இரண்டும் ஊர்ந்து கடந்துவிடும். நம் உள் தெருக்களில் ஒரு மீட்டருக்குள் திடீரென்று எழும்பும் தடை அப்படியல்ல. அதன் முழு உயரமும் வயிற்றில் இடிக்கும். நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் இவை சுகமாகப் போகும், சிம்மக்கல் சந்துகளில் நுழையவே முடியாது. சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறபோது 169 மி.மீ. கிளட்சை நினைத்துப் பாருங்கள்.

பெட்ரோலும் கவனிக்க வேண்டிய விஷயம். இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. 2003-லும் 2010-லும் பிறந்த இந்த எஞ்சின்களின் ரப்பர் குழாய்களும் சீல்களும் அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சட்டம் இன்னும் தெளிவு. பழைய கார் இறக்குமதிக்கு, தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்ற விதிகள் உண்டு. கரேரா ஜிடி முழுக்க முழுக்க இடப்பக்க ஸ்டீயரிங். எல்எஃப்ஏவில் வலப்பக்கம் உண்டு, ஆனால் வயது தாண்டிவிட்டது. ஆகவே இந்த ஒப்பீடு வாங்குவதற்கானது அல்ல, வண்டியைப் படிப்பதற்கானது. வேகமான வண்டி ஓடுவதை நேரில் பார்க்க ஆசை இருந்தால், கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமோ போய் வாருங்கள். அங்கே ஓடும் சின்ன ஃபார்முலா கார்களே காதுக்கும் கண்ணுக்கும் நிறையக் கற்றுத்தரும்.

படி 9: வயதான வண்டியாகப் பாருங்கள்

அமெரிக்காவில் புதிதாக எல்எஃப்ஏ 3,75,000 டாலர், கரேரா ஜிடி 4,40,000 டாலர். இன்று ஏலங்களில் இரண்டுமே 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கின்றன. விலை ஏறினாலும் ரப்பர் பழசாகும். 2013-ல் நடிகர் பால் வாக்கர் பயணியாகச் சென்று இறந்த கரேரா ஜிடியின் டயர்கள் ஒன்பது வருடப் பழசு என்று விசாரணையில் வந்தது. விபத்துக்குக் காரணம் வேகம் என்று முடிவு செய்தார்கள். உங்கள் வண்டி மாருதியாக இருந்தாலும், டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 2023-ல், சஸ்பென்ஷன் மூட்டுகளில் விரிசல் வரக்கூடும் என்று சொல்லி, கரேரா ஜிடியை ஓட்டாமல் நிறுத்திவைக்கும்படி போர்ஷேவே உரிமையாளர்களுக்கு அறிவித்தது. அபூர்வ வண்டியின் சரித்திரத்தில் இந்த வரிகளும் இடம்பெற வேண்டும்.

படி 10: தீர்ப்பை ஒரு கேள்விக்கு மட்டும் சொல்லுங்கள்

"எது சிறந்தது?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த வண்டி ஓட்டுநரை நல்ல ஓட்டுநராக்கும் என்று கேட்டால் கரேரா ஜிடி. எது வேகமாக நேர்கோட்டில் தொடர்ந்து இழுக்கும் என்றாலும் அதுவே. ஒரு எஞ்சினை, ஒரு கூட்டை, ஒரு சத்தத்தை மனிதர்கள் எவ்வளவு தூரம் அக்கறையோடு செய்ய முடியும் என்று கேட்டால் எல்எஃப்ஏ. ஒவ்வொரு எஞ்சினிலும் அதைக் கோத்தவரின் கையெழுத்துத் தகடு இருக்கிறது. என் மனசு அந்தப் பக்கம்தான். பந்தயத்துக்கு உருவாக்கிய எஞ்சினைச் சாலைக்குக் கொண்டுவருவது தைரியம். எதுவும் கையில் இல்லாமல் தறியிலிருந்து தொடங்குவது அதைவிடப் பெரிய தைரியம் என்று நினைக்கிறேன்.

முறை கைவந்ததா என்று பார்க்க, அடுத்து நீங்களே ஒரு ஜோடியை எடுத்துச் செய்யுங்கள்: இத்தாலியின் ஃபெராரி எஃப்40, ஜெர்மனியின் போர்ஷே 959. இரண்டும் 1980-களின் பிற்பாதியில் வந்தவை, இரண்டிலும் இரட்டை டர்போ. எஃப்40: 2,936 சிசி, 478 பி.எஸ்., பின்சக்கர இழுவை. 959: 2,849 சிசி, 450 பி.எஸ்., நான்கு சக்கர இழுவை. எடை எஃப்40-க்கு 1,100 கிலோ என்றும் 959-க்கு 1,450 கிலோ என்றும் கிடைக்கும். வகுப்பதற்கு முன், அந்த 1,100 உலர் எடையா என்று முதலில் பாருங்கள்.